அபெனாவின் தலைமுடி பற்றி எனக்குத் தெரியாதவை

தம்பி,

இதை வேலைக்குப் போகும் ரயிலில் வாசிக்காதே. வீட்டில், கதிரையில் இருந்து, ஆறுதலாக வாசி. தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவளே நான்தான். உனக்கு இலகுவான ஜேர்மன் மொழியில், டொச்சில், எழுதலாம் என்று தொடங்கிப் பார்த்தேன். இரண்டு வரி போனதும் அது நகரசபைக்கு எழுதும் விண்ணப்பம் மாதிரி வந்துவிட்டது. தொலைபேசியிலும் சொல்ல முடியாது. "ஓம் அம்மா, பிரச்சினை இல்லை அம்மா" என்று நீ கதையை முடித்துவிடுவாய். பிரச்சினை இருக்கிறது. அது எப்படிப்பட்ட பிரச்சினை என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் அரைப் பக்கத்தில் எழுதியிருப்பேன்.

விஷயம் இதுதான். உங்கள் கலியாணத்துக்காக அபெனா தன் தலைமுடியை மருந்து போட்டு நேராக்கலாமா, கூடாதா? நீ சிரிப்பாய். கலியாண மண்டபம், ஐயர், சாப்பாடு, கானாவிலிருந்து வரும் அவளுடைய சொந்தங்களுக்கு விசா என்று எத்தனையோ இருக்க, அம்மா முடியைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைப்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போன சனிக்கிழமையிலிருந்து வேறொன்றையும் என்னால் ஒழுங்காக யோசிக்க முடியவில்லை.

அன்று சட்டை அளவு பார்க்க அபெனா வீட்டுக்கு வந்திருந்தாள். உன் மாமியும் கெல்சென்கிர்ச்சனிலிருந்து மணப்பெண் சோடனைப் பெட்டியோடு வந்திருந்தா. உனக்குத் தெரியும், இந்தப் பக்கத்துத் தமிழ்க் கலியாணங்களில் பாதி மணப்பெண்கள் மாமியின் கையால் சோடிக்கப்பட்டவர்கள்தான். நெற்றிப்பட்டம், சூரியன், சந்திரன், இடுப்புக்குக் கீழே தொங்கும் பொய்ச்சடை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவிட்டு, அபெனாவைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தினா. அபெனாவின் முடி இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும்: குட்டையாக, இறுக்கமான சுருள்களாக, தலையைச் சுற்றி ஒரு வட்டமாக. மாமி சீப்பை ஒரு பக்கத்தால் விட்டுப் பார்த்தா, மற்றப் பக்கத்தால் விட்டுப் பார்த்தா.

"இதில உச்சி எங்க பிரிக்கிறது மச்சாள்? சீப்பு உள்ள போனா திரும்பி வராது போல கிடக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. அபெனா என்னவென்று கேட்டாள். நான் அதைக் கொஞ்சம் மெதுவாக்கி டொச்சில் சொன்னேன். அவள் சிரித்தாள். "சீப்பு வரும் அன்ரி. பல்லுகள்தான் வராது" என்றாள். (அவள் பேசுவது டொச். என் காதில் அது இப்படித்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன். 'அன்ரி' மட்டும் அவளுடைய சொல்லே. அவர்கள் வீட்டிலும் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.)

மாமி வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னா: "காப்பிலி முடி. மருந்து போட்டு நேராக்கினாத்தான் சடை நிக்கும். இல்லாட்டி மணவறையில எல்லாம் கழண்டு விழும். பிறகு சனம் என்னைத்தான் சொல்லும்." அபெனா அதிலிருந்து ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். காப்பிலி என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். நான் "சுருட்டை முடி" என்று சொன்னேன். மாமி என்னைப் பார்த்தா. நான் சட்டையின் கையை அளப்பது போலக் குனிந்துகொண்டேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. கறுப்புச் சனத்தை நாங்கள் கேவலமாகச் சொல்லும் சொல் அது என்று நீ அவளுக்கு எப்போதாவது விளக்கியிருக்கிறாயா? விளக்கியிருந்தால் நான் பொய் சொன்னது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அதோடு நிற்கவில்லை. மாமி தன் கைப்பையிலிருந்து ஒரு கிறீம் எடுத்து அபெனாவின் கையில் வைத்தா. "முகத்துக்கும் இப்பவே பூசத் தொடங்கட்டும். கலியாணத்துக்கிடையில வெளிச்சு வந்திடும்." நான் அதை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைப் பெண்ணின் படம் இருந்தது, பூ இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த மொழியிலும் எழுதியிருக்கவில்லை.

"என்ன கிடக்கெண்டு போடேல்லையே, மச்சாள்" என்றேன்.

"போட்டா மட்டும் நீர் என்ன செய்யப் போறீர்? எல்லாரும் பூசினதுதான். எனக்கும் பூசினவை."

"அதுதான் உங்கட கன்னத்தில அந்தக் கறுப்பு."

"அது வெயில்."

"கெல்சென்கிர்ச்சனிலயா வெயில்?"

மாமிக்குக் கோபம் வந்தது. அந்தக் கிறீமைப் பற்றி மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. அப்படிப்பட்டவற்றில் பாதரசம் இருக்கலாம், தோலின் நிறத்தைக் கொல்லும் வேறு மருந்துகள் இருக்கலாம். இங்கே அவற்றை விற்கவே அனுமதி இல்லை. ஆனாலும் யாரோ ஒருவரின் பயணப்பெட்டியில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வேலைத்தளத்துக்குக் கொண்டுபோய் நச்சுக் கழிவு போடும் பெட்டியில் போட்டேன். நம் சனம் கறுப்புப் பெண்களைப் பார்த்துக் கதைக்கும் கதை ஒன்று, கண்ணாடிக்கு முன்னால் நின்று தங்கள் முகத்துக்குச் செய்வது இன்னொன்று. இரண்டும் ஒரே கிறீமில்தான் போய் முடிகிறது. இது எனக்கு விளங்குகிறது. விளங்காதது அடுத்தது.

மாமி தேத்தண்ணி குடிக்கப் போனதும் அபெனா தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். முடியை நேராக்கும் களிம்பு. அவள் அதை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள், தம்பி. மாமி சொல்வதற்கு முன்பே. "நான் இதை விட்டுப் பல வருசம் அன்ரி. இந்த ஒரு முறை மட்டும். நீங்கள் கெமிஸ்ட். இது பாதுகாப்பானதோ, இல்லையோ?" என்றாள். வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு எளிய கேள்விக்கு இவ்வளவு மோசமாக நான் பதில் தேடியதில்லை.

பெட்டியின் முன்பக்கத்தில் 'லை இல்லை' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதாவது எரிகாரம் இல்லையாம். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் பார்த்தால் கல்சியம் ஐதரொக்சைட் இருக்கிறது. அது வேறொன்றும் இல்லை, வெற்றிலைக்குப் பூசுகிற நீற்றிய சுண்ணாம்பு. கொஞ்சம் கூடினால் வாய் வெந்துபோகுமே, அதுதான். தோல் பதனிடும் இடங்களில் மாட்டுத் தோலிலிருந்து மயிரைக் கழற்றுவதற்கும் அதைத்தான் போடுகிறார்கள். அதோடு கலக்க இன்னொரு போத்தல். இரண்டும் சேர்ந்தால் வருவதும் வலுவான காரம்தான். பெயர் மட்டும் வேறு. நான் வேலை செய்யும் பெயின்ற் ஆய்வுகூடத்தில் இந்த அளவு காரத்தைத் தொடுவதென்றால் கண்ணாடி, கையுறை, மேலங்கி எல்லாம் போட வேண்டும். போடாவிட்டால் மேலாளர் கத்துவார். பெட்டிக்குள் ஒரு சோடி கையுறை இருக்கிறது. அது பூசுகிறவளின் கைக்கு. பூசப்படுகிற தலைக்கு ஒன்றும் இல்லை.

இதுவரை எனக்குத் தெரிந்த வேதியியல். காரம் தோலைச் சுடும். சுட்ட தோல் தன்மேல் பூசியதை இன்னும் இலகுவாக உள்ளே விடும். அப்படி உள்ளே போவது என்ன என்று பார்த்தால், பட்டியலின் கடைசியில் 'பர்ஃபம்' என்று ஒரே ஒரு சொல். வாசனை. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ பொருட்களை வைக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. அவற்றில் சில உடம்பின் ஹோமோனோடு விளையாடும் என்று சந்தேகிக்கிறார்கள். எவ்வளவு போனால், எத்தனை வருசம் போனால் என்ன நடக்கும்? எனக்குத் தெரியாது. நகர நூலகத்துக்குப் போய், கடைப் பொருட்களைச் சோதித்து மதிப்பெண் போடும் பத்திரிகைகளைப் புரட்டினேன். குழந்தை எண்ணெய், சூரியக் கிறீம், ஷாம்பூ, ஆண்கள் சவரம் செய்த பின் பூசும் தண்ணி என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இருக்கிறது. நான் பார்த்த இதழ்களில் அபெனாவின் தலையில் பூசுவது ஒன்றுகூட இல்லை. கெட்டது என்றும் இல்லை, நல்லது என்றும் இல்லை. ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி 'ஆதாரம் இல்லை' என்று எழுதுவார்கள். அந்த வசனத்தை நானே எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன்.

பிறகு அந்தக் களிம்பு விற்கும் கடைக்கே போனேன். இங்கே டோர்ட்மண்ட் நோர்ட்ஸ்டாட்டில் நம் ஆள் ஒருவர் நடத்துவது. முன்னால் முருங்கைக்காயும் இடியப்ப மாவும், அவற்றுக்குப் பக்கத்தில் யாம் கிழங்கும் பாம் எண்ணெயும், பின் சுவர் முழுக்கத் தலைமுடிச் சாமான்கள்.

"வாங்கோ அக்கா, நல்ல முருங்கைக்காய் வந்து கிடக்கு."

"முடிச் சாமான் பாக்க வந்தனான்."

"அது உங்களுக்கில்லை அக்கா. கறுப்புச் சனத்தின்ர."

"என்ர மருமகளுக்கு."

மனிதர் ஒரு கணம் தராசைப் பார்த்தார். பிறகு வியாபாரம் திரும்பி வந்தது. "அப்ப இதை எடுங்கோ. இது சின்னப் பிள்ளையளுக்கும் போடுறது. ஒண்டும் செய்யாது." பெட்டியில் ஒரு சின்னப் பெண் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட பிள்ளைக்குப் போடுவியளோ?"

"என்ர பிள்ளைக்கு எதுக்கக்கா?" என்று சிரித்தார். "இவ்வளவு காலமா விக்கிறன். ஒருத்தரும் வந்து குறை சொல்லேல்லை."

"ஆரிட்டைச் சொல்லுறது?"

அவர் முருங்கைக்காயை நிறுக்கத் தொடங்கினார். நான் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்தக் கடைக்கு இத்தனை காலம் போய்வந்தவள், பின் சுவரை ஒருநாளும் வாசித்ததில்லை.

இந்த வியாழக்கிழமை அபெனா திரும்ப வந்தாள். பதில் கேட்கத்தான். என்னிடம் பதில் இல்லாததால் நம் பெண்கள் செய்வதைச் செய்தேன். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, "இரு, எண்ணெய் வைக்கிறேன்" என்றேன். நீ அறிவாய், நான் ஆட்களைத் தொட்டுப் பழகுகிறவள் இல்லை. அவள் தரையில் என் முழங்கால்களுக்கு இடையில் இருந்தாள். இயற்கையான பொருள் ஆபத்தில்லை என்று ஒரு மூட நம்பிக்கை எனக்குள்ளும் இருந்திருக்க வேண்டும். சீயக்காயும் எலுமிச்சம் புளியும் கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ அன்ரி, அது என்ர முடியைத் தும்பாக்கிப்போடும்" என்று கையைப் பிடித்தாள். அவர்களுடைய முடி எங்களுடையதைவிடக் காய்ந்ததாம். ஈரத்தைக் காப்பாற்ற வேண்டுமே தவிர எண்ணெயைப் போக்கக் கூடாதாம். தண்ணீர், பிறகு அவளுடைய அம்மா ஊரிலிருந்து எடுப்பிக்கும் ஷியா மரக்கொட்டை வெண்ணெய், அவ்வளவுதானாம். அந்த வெண்ணெய் ஒரு பழைய மாஜரீன் டப்பாவில் வருகிறது. பெயர் இல்லை, திகதி இல்லை, புகை மணம். பட்டியல் போட்ட பெட்டியை வாசித்துப் பயந்தவள், பட்டியலே இல்லாத டப்பாவைப் பார்த்தும் பயந்தேன். எதை நம்புவது, தம்பி? உண்மையாகவே கேட்கிறேன்.

எண்ணெய் வைக்கும்போது காதுக்குப் பின்னால் ஓர் இடம் என் விரலில் வழுக்கியது. முடி முளைக்காத இடம். நீ கண்டிருப்பாய். பள்ளிக்கூடம் தொடங்கும் நாளுக்காக அவளுடைய அம்மா முதன்முதல் களிம்பு போட்டபோது வந்ததாம். "எரியுது அம்மா எண்டு கத்தினன். எரிஞ்சால்தான் பிடிக்கும், கொஞ்சம் பொறு எண்டு சொன்னா. அவவும் அழுதவ." மற்றப் பிள்ளைகள் அவளுடைய தலையைப் பஞ்சு என்று தொட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்காக அந்தத் தாய் அதைச் செய்தா. நான் அந்தத் தாயின் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

பிறகு தன் கருப்பைக் கட்டிகளைப் பற்றிச் சொன்னாள். உனக்கு எல்லாம் தெரியும் என்றாள், அதனால் எழுதுகிறேன். அவளுடைய அம்மாவுக்குக் கருப்பையில் நார்க்கட்டிகள் வளர்ந்து கடைசியில் கருப்பையையே எடுத்தார்கள். இவளுக்கும் இப்போது இரண்டு சின்னக் கட்டிகள். மருத்துவர் "கறுப்புப் பெண்களுக்கு இது கூட வரும்" என்றாராம். ஏன் என்று இவள் கேட்டாளாம். அவர் கணினியைப் பார்த்தாராம். "அன்ரி, தலையில பூசினதுக்கும் இதுக்கும் தொடர்பிருக்குமோ?" என்று கேட்டாள். இருக்கலாம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. அவளுக்குப் பிள்ளை வேண்டும். உங்களுக்கு வேண்டும். இதுதான் என்னை நித்திரை கொள்ள விடாதது. ஒரு நாள் சோடனைக்காக இந்தக் கேள்வியின் மேல் இன்னொரு தரம் அதே களிம்பைப் பூச வேண்டுமா?

"அப்ப ஏன் போட நினைக்கிறாய்?" என்று கேட்டேன். அவள் உடனே சொன்னாள்: "மண்டபம் நிறைய உங்கட ஆக்கள் இருப்பினம். ஒரு நாளைக்காவது எல்லாரும் என்ர தலையைப் பாக்காமல் என்ர முகத்தைப் பாக்கட்டும்."

அப்போதுதான் அவள் என்னிடம் கேட்டது வேதியியல்தானா என்ற சந்தேகம் வந்தது. இன்னும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. முடியைத் தலையோடு ஒட்ட வரிவரியாகப் பின்னி, பின்னால் கொண்டுவந்து முடிச்சில் நம் சடையைக் கட்டலாம் என்று அவளே ஒரு தாளில் கீறிக் காட்டினாள். அந்த வரிகளுக்கு நடுவில் உச்சி நூல் பிடித்தது மாதிரி இருக்கும். நான் மாமிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அது ஆம்பிளைப் பாட்டுக்காரர் பின்னுற பின்னல்" என்றா மாமி. நான் சொன்னேன், "மச்சாள், நீங்கள் சோடிச்ச பெண்டுகளில ஒருத்தியின்ர சடையாவது சொந்தச் சடையோ? எல்லாம் சவுரிதானே." மாமி உடனே உன் அப்பாவைக் கூப்பிடச் சொன்னா. அவர் வழக்கம்போல, "பொம்பிளையளின்ர விசயம்" என்று பல்கனிக்குப் போய்விட்டார். அந்தப் பின்னலிலும் குறை இருக்கிறது: அதற்குச் சேர்க்கும் செயற்கை முடி கழுத்தைக் கடிக்கும், அதனால் வினாகிரித் தண்ணியில் ஊறவைத்துத்தான் பாவிப்பேன் என்றாள் அபெனா. அதில் என்ன பூசியிருக்கிறார்கள் என்றும் ஒருவருக்கும் தெரியாது. பாதுகாப்பானது என்று ஒன்று இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் குறைவாகப் பயப்படக்கூடியது என்றுதான் இருக்கிறது. வாசனை இல்லாதது, எரியாதது, கழுவினால் போகக்கூடியது, பட்டியல் குட்டையானது. இவ்வளவு படித்தும் என்னால் சொல்லக்கூடிய புத்திமதி இந்த அளவுதான். இது ஒரு சின்னக் கடதாசியில் அடங்கும்.

இப்போது உன்னைப் பற்றி. நீ அவளிடம், "எனக்கு எப்படியும் சரி, உன் விருப்பம்" என்று சொன்னாயாம். அது மரியாதை என்று நீ நினைக்கிறாய். நானும் உன்னை அப்படித்தான் வளர்த்தேன், பெண்களின் விஷயத்தில் கட்டளை போடாதே என்று. ஆனால் உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. பாலர் பள்ளியில் யாரோ உன் கை ஊத்தை என்று சொன்ன நாள், நீ குளியலறையில் நின்று, பேசின் கழுவும் தூளால் உன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் கண்டபோது தோல் சிவந்திருந்தது. அப்போது நான் "உன் கை, உன் விருப்பம்" என்று சொல்லவில்லை. குழாயைத் திறந்து கையைப் பிடித்தேன். அபெனா குழந்தை இல்லை, அது எனக்குத் தெரியும். அவளுடைய கையைப் பிடிக்க எனக்கு என்ன உரிமை என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் 'எப்படியும் சரி' என்ற பதிலைக் கேட்டவள் தனியாகத்தான் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

இந்த இடம் வரை எழுதியபோது தொலைபேசி அடித்தது. அவள்தான். அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து, பாடங்களுக்கு இடையில். அவளுடைய அம்மா, "பரவாயில்லை, ஒரு தரம்தானே, அந்தச் சனம் உன்னை நல்லா நினைக்கட்டும்" என்று சொல்லிவிட்டாவாம்.

"அன்ரி, எனக்கு ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுங்கோ."

"அபெனா, தெரியாததைத் தெரியும் எண்டு என்னால சொல்ல ஏலாது."

"கெமிஸ்டிட்டைக் கேக்கேல்லை. உங்களிட்டைக் கேக்கிறன்."

நான் எழுதிக்கொண்டிருந்த இந்தக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு, "நீ என்ர மகளாக இருந்திருந்தால், வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. "அப்ப இப்ப நான் ஆர், அன்ரி?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாக அறிய விரும்பியது போலத்தான் கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். "போடாதே, பிள்ளை."

"சரி, அன்ரி" என்றாள். மணி அடித்தது, வைத்துவிட்டாள்.

தம்பி, அந்த 'சரி' என்ன 'சரி' என்று எனக்குத் தெரியவில்லை. பாரம் இறங்கியவளின் 'சரி'யா, பெரியவர்கள் சொன்னால் தலையாட்டி வளர்ந்தவளின் 'சரி'யா? முதலாவது என்றால் நல்லது. இரண்டாவது என்றால், அவளுடைய தலையைப் பற்றி முடிவெடுத்த பெண்களின் வரிசையில் நானும் போய் நின்றுவிட்டேன் என்று அர்த்தம்: அவளுடைய அம்மா, உன் மாமி, பிறகு நான். நான் நல்லதைத்தான் சொன்னேன் என்று என் மனம் சொல்கிறது. அவர்களுடைய மனமும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவள் உன்னிடம் கொலோனுக்கு வருகிறாள். என்னால் தொலைபேசியில் காண முடியாததை நீ காணலாம். அவளிடம் இதைப் பற்றிக் கேள். கேட்டுவிட்டு, உன் விருப்பம் என்று நழுவாமல் பக்கத்தில் இரு. என் சொல்லுக்குப் பயந்துதான் விட்டாள் என்றால் எனக்குச் சொல்லு. என் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பிறகு அவளே முடிவெடுக்கட்டும், எது என்றாலும் மாமியின் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கே வேண்டாம் என்றிருந்தால் அதையும் சொல்லு. அவள் வாயால் சொல்வதை மட்டும் கேட்காதே. சொல்லும்போது முகத்தைப் பார்.

அம்மா